உர்சுலா எழுதிக் கொடுத்த வீடு

அத்தியாயம் 14

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லையா? கவலை வேண்டாம், நடந்தது இவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கொஞ்சம் தெற்கே ஒற்றைப்பனைவிளை என்று ஓர் ஊர். அங்கே மரியஅந்தோணியின் அப்பா விட்டுப் போன இரண்டு ஏக்கர் காடு. காற்றைத் தவிர அதில் எதுவும் ஒழுங்காக விளைந்ததில்லை. பங்குக்காரர்கள் மூன்று பேர். சிங்கப்பூரில் மரியஅந்தோணியும் தம்பி அலெக்சாண்டரும். ஊரில், அந்தக் காட்டிலேயே ஓட்டு வீட்டில் குடியிருக்கும் விதவைத் தங்கை பிரிஜட். காற்றாலை வைக்க ஒரு கம்பெனி அந்த நிலத்தைக் கேட்கிறது. அண்ணனும் தம்பியும் இந்திய ஹை கமிஷனில் அதிகாரி முன்னால், நிலத்தை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாளை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பும் கூட்டத்தில் மரியஅந்தோணியின் மனைவி மதலேனாவும் போகிறாள். பத்திரம் அவள் கையோடு ஊர் போய்ச் சேர்ந்தால் ஐந்து மாதத் தலைவலி ஓய்ந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. 1989 ஆகஸ்டு இருபத்தைந்து. ஹை கமிஷனில் கையெழுத்து வேலை மதியம் பன்னிரண்டு மணிவரைதான்.

தேக்கா சந்தைக்கு மேலே, ஒன்பதாவது மாடி வீட்டில், காலை ஏழு மணிக்கு மரியஅந்தோணி சட்டை போட்டுத் தலைவாரி உட்கார்ந்திருந்தார். மேசை மேல் ஒரு கேசட். நேற்று மாலை தபாலில் வந்தது. பிரிஜட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, மகன் சிலுவைராஜின் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி அனுப்புவாள்.

"போடு," என்றார் மரியஅந்தோணி.

"அம்மா பூசையிலேருந்து வரட்டும்ப்பா. அவங்க வந்தப்புறம் போடச் சொன்னாங்க," என்றாள் மகள் உர்சுலா.

"என்னது?"

உர்சுலா அவருடைய வலது காதுப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொன்னாள். இடது காது பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். கடலோரத்தில் ஒரு மின்நிலையத்தில், டர்பைன் ஓடும் கூடத்தில், இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஆரம்ப காலத்தில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஓய்வு பெற்ற அன்று அவருக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். ரேடியோ கொடுக்காத வரைக்கும் நல்லது என்று மதலேனா அப்போதே சொன்னாள்.

"உங்கம்மா வந்தா பிரிஜட் குரலக் கேட்டதுமே அழ ஆரம்பிச்சிடுவா. அப்புறம் நீ எதக் கேட்டு எனக்கு எதச் சொல்லுவ? போடு, போடு."

உர்சுலா போட்டாள். இருபத்தாறு வயது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அரை நாள் லீவுக்குக் காரணம் எழுதி, மேலாளரின் முகத்தைப் பார்த்து, இந்த வாரம் மூன்று நாள் கூடுதல் நேரம் வேலை பார்த்துக் களைத்திருந்தாள்.

முதலில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அத்தையின் குரல்.

"அண்ணே, நான் பிரிஜட் பேசுதேன். சிலுவைராஜு பெட்டிய அமுக்கிக்கிட்டு நிக்கான். மதினி சுகமா இருக்காவளா? மவ உர்சுலாவுக்குக் கல்யாணம் ஒண்ணும் தெகையலியா?"

உர்சுலா நிறுத்தினாள். "எல்லாரும் நல்லாருக்காங்களான்னு கேக்குறாங்கப்பா."

"கல்யாணத்தப் பத்திக் கேட்டிருப்பாளே."

"அதையும்தான் கேட்டாங்க."

மரியஅந்தோணி சிரித்தார். காது கேட்காவிட்டாலும் தங்கையை அவருக்குத் தெரியும்.

"மேக்க விளையில போன வருசம் ரெண்டு காத்தாடி நட்டாவல்லா, அதுக்காவ ரோடு போட்டாச்சு அண்ணே. தார் ரோடு. பஸ்ஸு நம்ம முக்கு வரைக்கும் வருது. ரெண்டு டீக்கடை வந்தாச்சு. நம்ம காட்டுலயும் காத்தாடி வந்தா சிலுவைராஜுக்கு வாச்மேன் வேலை தாறம்னு சொல்லியிருக்காவ. அந்தக் காட்டுல நாம என்னத்தக் கண்டோம்? போட்ட கொள்ளு மொளைக்கதுக்கு முன்னால காத்து தூக்கிட்டுப் போயிரும். அந்தக் காத்துக்கு இப்பத்தான் ஒருத்தன் வெலை சொல்லுதான்."

உர்சுலா சொல்லச் சொல்ல மரியஅந்தோணி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரோடு நல்லது. பஸ் நல்லது. மருமகனுக்கு வேலை கிடைப்பது ரொம்ப நல்லது.

"கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ராவும் பகலும் ஒரே சத்தம். சாயங்காலமானா றெக்கைக்க நெழலு முத்தத்துல ஓடிக்கிட்டே கெடக்கு, பாத்தா தலை சுத்துது. ஆட்ட அந்தப் பக்கம் பத்த முடியல, வேலி கெட்டிட்டாவ. கம்பி நம்ம தலைக்கு மேல போவுது, நம்ம வீட்டுல எரிஞ்சது மண்ணெண்ண வெளக்குதான்."

இதைக் கேட்டதும் மரியஅந்தோணி தொடையில் தட்டினார். "நம்ம கதைதான்! பவர் ஸ்டேஷன் மதிலுக்குப் பின்னாடியே நம்ம கம்பத்துத் தகர வீடு. நான் உள்ள மெஷின ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து மண்ணெண்ண வெளக்கு ஏத்துவேன். உங்கம்மா காயப்போட்ட துணியெல்லாம் கரி. ஆனா ஒண்ணு, அந்தச் சத்தந்தான் உன்னப் படிக்க வெச்சுது. அத நான் கொறை சொல்ல மாட்டேன். அப்புறம் என்ன சொல்றா?"

உர்சுலா மறுபடி பொத்தானை அமுக்கினாள்.

"வீட்டுக் காரியந்தான் கேக்கணும் அண்ணே. மவ உர்சுலா எழுதுன கடுதாசி பங்குனியில வந்துச்சு. கப்பல் படம் போட்ட தாளு. கோயில்ல உபதேசியாரு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. மாத்து வீடு தருவாவ, சாவி முன்னாலயே வந்துரும்னு சுத்தமா எழுதியிருக்கு. இடிக்க வாறவன் ஓட்டையும் சேத்து நொறுக்கிருவான்லா? அது பாழாப் போவாண்டாம்னு ஓடு, கதவு, நிலை எல்லாத்தையும் பிரிச்சு அந்தோணியாரு குருசடிக் கோயிலுக்குக் குடுத்தாச்சு. அந்தோணியாருக்க கூரை அடிச்ச காத்துல பறந்து போச்சு, பாவம். நான் இப்ப கோயில்ல மறைக்கல்விக் கூடத்துல கெடக்கேன். ஞாயித்துக்கெழமை பிள்ளைக படிக்க வந்தா பாயச் சுருட்டிக்கிட்டு வெளிய இருப்பேன். சாவி எப்ப வரும்னு மட்டும் மவள்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுச் சத்தம்தான். உர்சுலா பொத்தானை அமுக்கி நிறுத்தினாள்.

"என்ன சொல்றா?"

உர்சுலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அவ்வளவுதான்ப்பா. எல்லாரையும் விசாரிச்சாங்க."

அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலெக்சாண்டர் சித்தப்பா இதே மேசையில் கோப்பி குடித்துக்கொண்டு, "அக்கா வீட்ட நெனச்சுப் பயப்படும். அதெல்லாம் குடுப்பாங்கன்னு நீ நல்லா எழுதிடுலா," என்றார். வீட்டில் ஒழுங்காகத் தமிழ் எழுதக்கூடியவள் உர்சுலா ஒருத்திதான். வீட்டில் வெறும் தாள் இல்லை. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த தாளில், மேலே கப்பல் படமும் கீழே தொலைபேசி எண்ணும் அச்சடித்த தாளில், எழுதினாள். இந்த ஊரில் அலுவலகத் தாளில் சொந்தக் கடிதம் எழுதாத டைப்பிஸ்ட் யார்?

எழுதும்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் கம்பத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தபோது, அதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் படித்துச் சொன்னவள் அவள்தான். மாற்று வீடு தரப்படும். காலி செய்வதற்கு முன் சாவி தரப்படும். எழுதியிருந்தபடியே நடந்தது. அலெக்சாண்டர் சித்தப்பா தகர ஷீட்டையெல்லாம் பிரித்து விற்றுவிட்டு வந்தார். நிலத்தை எடுத்தால் வீடு கொடுப்பார்கள். மழை வந்தால் தண்ணீர் தேங்கும் என்பதைப் போல அது அவளுக்கு இயல்பான காரியமாகப் போயிருந்தது. கொடுக்காத ஊரும் இருக்கும், கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத கம்பெனியும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு வரியையும் அப்படியே தமிழில் அத்தைக்கு எழுதிவிட்டாள்.

மதலேனா பூசை முடிந்து வந்ததும், "என்னை விட்டுட்டுக் கேட்டுட்டீங்கள்ல?" என்று கோபித்துக்கொண்டாள். டேப் ரெக்கார்டர் பக்கம் கையை நீட்டினாள்.

"பேட்டரி போச்சும்மா," என்றாள் உர்சுலா. ஒரு காலையில் இரண்டாவது பொய்.

"நேத்துத்தானே புதுசு வாங்கினேன்?"

"நேரமாச்சு, வா," என்று மரியஅந்தோணி எழுந்துவிட்டார்.

டாக்ஸியில் உர்சுலா ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்திரம் சித்தப்பாவிடம் இருக்கிறது. அவள் அதை முழுதாகப் படித்ததில்லை. அதில் எங்காவது மாற்று வீட்டைப் பற்றி எழுதியிருக்கலாம். ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால் அவள் பொய் சொன்னவள் ஆக மாட்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, அம்மாவோடு கேசட்டைக் கேட்டு, ஓடுகளைப் பிரித்துக் கொடுத்ததற்காக எல்லோரும் அத்தையைச் செல்லமாகத் திட்டலாம்.

மரியஅந்தோணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசிக்கொண்டு வந்தார். காது கேட்காதவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

"சத்தம் பெருசா இருக்கிறது கூடப் பரவாயில்ல. அது நிக்காதுங்கிறதுதான் கஷ்டம். மொத வருஷம் எரிச்சல் வரும். ரெண்டாவது வருஷம் பழகிடும். அப்புறம் நின்னா தூக்கம் வராது. பிரிஜட் வீடு எவ்வளவு தூரத்துல குடுப்பாங்கன்னு கேக்கணும். பக்கத்துலயே குடுத்தா வேண்டாம்னு சொல்லணும். தள்ளிப் போச்சுன்னா ஆட்டுக்குக் கஷ்டம். என்ன சொல்ற?"

"ம்," என்றாள் உர்சுலா. அவருக்கு அது கேட்டிருக்காது.

கிரேஞ்ச் ரோட்டில் ஹை கமிஷன் வாசலிலேயே அலெக்சாண்டர் நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, இப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் செக்யூரிட்டி. எம்ஆர்டி ரயிலில் சோமர்செட் வந்து இறங்கி, இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் ஒட்ட ஒட்ட நடந்து வந்திருக்கிறார். முதல் நாள் மாலை ஷிப்ட் முடித்துக் காலையில் இங்கே. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒம்பது மணிக்கே நம்பர் எடுத்துட்டேன் அண்ணே. முப்பத்தொண்ணு. இப்ப பத்தொம்பதுதான் ஓடுது."

"சித்தப்பா, அந்தப் பத்திரத்தக் குடுங்க," என்றாள் உர்சுலா.

"எதுக்கு? எல்லாம் கரெக்டா இருக்கு."

"சும்மா பாத்துட்டுத் தரேன்."

கூடத்தில் உட்கார இடமில்லை. வேளாங்கண்ணிக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்குமாக ஊருக்குப் போகிறவர்கள் விசா வரிசையில் நின்றிருந்தார்கள். உர்சுலா தூணோரமாக நின்று படித்தாள். மொத்தம் மூன்று பக்கம். பாதி ஆங்கிலம், பாதி பத்திரத் தமிழ். ஒரு தடவை படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். மேற்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை, அதற்குட்பட்ட நிலமும் கிணறும் மரமும் ஓட்டு வீடும். விற்கச் சம்மதம். மாற்று வீடு என்ற பேச்சே எங்கும் இல்லை.

அப்பாவிடம் இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் எதையும் மெல்லச் சொல்ல முடியாது. காதோரம் போய்க் கத்த வேண்டும். இத்தனை பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் லூர்து மாதா கோயில்காரர்கள், அவளை ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பார்க்கிறவர்கள்.

வெட்கம்தான். வேறு என்ன பெயர் வைத்தாலும் அது வெட்கம்தான்.

பதினொன்றே காலுக்கு முப்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரிக்கும் அன்றைக்கு அலுத்துப்போயிருந்தது. பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். முகங்களைப் பார்த்தார். "யாரும் கட்டாயப்படுத்தலையே? சுயநினைவோடதானே?" என்று கேட்டார். அலெக்சாண்டர், "ஆமா சார்," என்று சொல்லி முதல் ஆளாகக் குனிந்து மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது பெருமூச்சு வந்தது. பேனாவை அண்ணனிடம் நீட்டினார்.

மரியஅந்தோணி பேனாவை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். எழுத்து பொடியாக இருந்தது.

"உர்சுலா, எதெது போகுதுன்னு ஒரு தடவ படிச்சுச் சொல்லு. போடுறத தெரிஞ்சுக்கிட்டுப் போடுறேன்."

உர்சுலா வலது காதுப் பக்கம் வந்து நின்றாள். "மேற்கே தங்கையா நாடார் நிலம்!" என்று ஆரம்பித்தாள். கூடத்தில் நாலைந்து பேர் திரும்பினார்கள். "கிழக்கே வண்டிப்பாதை! அதுக்கு நடுவுல நிலம், கிணறு, மரம்..." நிறுத்தினாள். "ஓட்டு வீடு!"

"சரி. வீடு போகுது. அவளுக்குக் குடுக்கிற வீடு எங்கன்னு போட்டிருக்கு? அதப் படி."

உர்சுலா பக்கத்தைத் திருப்பினாள்.

"அதப் படிம்மா. எவ்வளவு தூரம்னு போட்டிருக்கான்?"

"போடலப்பா."

"என்னது?"

"அது இல்லப்பா! அப்படி ஒண்ணும் எழுதல!"

"எழுதலியா? நீதானே எழுதின? மார்ச் மாசம் எனக்குப் படிச்சுக் காட்டினியே. சாவி முன்னாடியே குடுப்பாங்கன்னு."

"நான் எழுதினேன். அவங்க எழுதல."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அலெக்சாண்டர் இடையில் புகுந்தார். "அண்ணே, அதெல்லாம் பின்னாடி பேசிக்கலாம்லா. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு வீடு குடுக்க மாட்டானா? கேட்டா குடுப்பான்."

இனி மறைக்க உர்சுலாவால் முடியவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததை அப்பாவின் காதில் கத்தினாள்.

"அத்தை வீட்டப் பிரிச்சுட்டாங்கப்பா! கேசட்ல சொன்னாங்க! என் லெட்டர நம்பி ஓடு, கதவு எல்லாத்தையும் கழட்டிக் கோயிலுக்குக் குடுத்துட்டாங்க! இப்ப மறைக்கல்விக் கூடத்துல படுத்திருக்காங்க! நான் காலையில உங்ககிட்ட சொல்லல!"

விசா வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். உர்சுலா அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மரியஅந்தோணி அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அவர் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார். மேசை மேல் வைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது வயது அன்றைக்கு எழுபதாகத் தெரிந்தது.

"சார்," என்றார் அதிகாரியிடம், "நிலத்த மட்டும் குடுக்கிறோம், வீடு இருந்த இடத்த விட்டுடுறோம்னு இதுலயே மாத்தி எழுத முடியுமா?"

"இதுல திருத்தக் கூடாது. வேற பத்திரம் தயார் பண்ணிட்டு திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை அண்ணி வேளாங்கண்ணியில இருப்பாங்க!" என்றார் அலெக்சாண்டர். "அண்ணே, கேளுங்க. கம்பெனிக்காரன் மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கான். நீங்க போடலேன்னா அடுத்த காட்டுக்குப் போயிடுவான். சிலுவைராஜு வேலை போச்சு. காத்தாடி எப்படியும் வரும், பக்கத்துக் காட்டுல வரும். சத்தம் மட்டும் நமக்கு, மத்ததெல்லாம் அவனுக்கு. அக்கா உங்களத்தான் திட்டும்!"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் இந்தக் குடும்பத்தின் கஷ்டம். தப்பாகப் பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை.

தம்பி கத்திச் சொன்னதால் மரியஅந்தோணிக்கு எல்லாமே கேட்டது. மெல்லத் தலையாட்டினார்.

"திட்டட்டும் அலெக்ஸு. ஒரு வீட்டுக்குள்ள உக்காந்து திட்டட்டும்."

"இருபது வருஷம் மூட்டை தூக்கினவன் நான். என் ஆயுசுல ஒரு தடவை காத்துல வந்தது எனக்கும் கொஞ்சம் கெடைக்கட்டும்னு பாத்தேன். அது தப்பா?"

"தப்பில்லடா."

"பின்ன?"

அலெக்சாண்டர் தன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "என் பங்கு என் பங்குதான். சாயங்காலம் அண்ணிகிட்ட நானே குடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அண்ணனின் காலைத் தொடாமல், அண்ணன் மகளின் முகத்தைப் பார்க்காமல், வெயிலில் இறங்கி நடந்தார். அவரைக் கூப்பிட மரியஅந்தோணி கையைத் தூக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

அதிகாரி முப்பத்திரண்டைக் கூப்பிட்டார்.

"பாஸ்போர்ட் வெச்சிருக்கியா?" என்று மரியஅந்தோணி கேட்டார்.

சாட்சிக் கையெழுத்துக்கு வேண்டியிருக்கும் என்று உர்சுலா கொண்டுவந்திருந்தாள். எடுத்துக் காட்டினாள்.

"அங்க விசாவுக்கு ஃபாரம் குடுக்கிறாங்க. ஒண்ணு வாங்கு."

"யாருக்குப்பா?"

"உனக்கு."

"எனக்கா? அம்மாதான் நாளைக்குப் போறாங்களே. அவங்க அத்தைகிட்ட சொல்லட்டும்."

"எழுதினது உங்கம்மா இல்லையே."

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். உர்சுலாவுக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது.

அவள் இந்தியாவுக்குப் போனதே இல்லை. அலுவலகத்தில் லீவு கிடைக்காது. நாளைய விமானத்தில் இடம் இருக்கிறதா என்று தெரியாது. இதையெல்லாம் அவர் காதில் ஒவ்வொன்றாகக் கத்தினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். அப்புறமும் ஃபாரம் வாங்கு என்றார்.

"அங்க போயி அத்தைகிட்ட என்னன்னு சொல்றது?" என்று கடைசியாகக் கேட்டாள். இப்போது யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவள் கவலைப்படவில்லை.

மரியஅந்தோணி அவள் பக்கம் திரும்பினார். "நமக்கு எழுதித் தந்தவங்க வீடு தந்தாங்க. அவளுக்கு எழுதித் தந்தது நாம. அத மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார், எதை வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

உர்சுலா வரிசையில் நின்று ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். பெயர். பிறந்த தேதி. தொழில். பாஸ்போர்ட் எண். தினமும் நூறு ஃபாரம் டைப் செய்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை. கை தானாக ஓடியது.

இந்தியாவில் தங்கப்போகும் முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் அவள்தான் எழுதுகிறாள். உர்சுலா தாளை அப்பா பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தை விரலால் காட்டினாள்.

மரியஅந்தோணி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எப்பவும் எழுதுறதையே எழுது," என்றார். "பிரிஜட், மேலக்காடு, ஒற்றைப்பனைவிளை."

"அங்க வீடு இல்லையேப்பா."

இந்தத் தடவை அவள் கத்தவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எழுதும்மா," என்றார்.

உர்சுலா எழுதினாள். இல்லாத ஒரு வீட்டை அத்தைக்கு அவள் எழுதிக் கொடுப்பது இது இரண்டாவது தடவை.